பூவாக்குப் பெட்டி

ரங்கசாமி வருஷத்துக்கு ஒரு தடவை, மஞ்சள் அறுவடை முடிந்த கையோடு, ஒரு பை நிறைய விரலி மஞ்சளை எடுத்துக்கொண்டு கோகிலவாணியைப் பார்க்க மருத்துவமனைக்கு வருவார். செருப்பை அறைவாசலில் கழற்றி விடுவார். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். நின்றபடியே, செத்துப்போன பெண்ணை நலம் விசாரிப்பார்.

"ஏனுங் அம்மணி, பிருந்தா சௌக்கியமுங்களா?"

"சௌக்கியந்தாங்க. இந்நேரம் காலேஜ் முடிச்சிருப்பா."

"சந்தோசமுங்க. எம்பட ஊட்டுக்காரிதான் அங்க என்ன பாடு படறாளோ. நான் போனதுக்கப்பறம் காட்டைக் குத்தகைக்கு உட்டிருப்பா. ஒண்டியா அவளுக்கு முடியாதுங்க."

வெளியாள் யாராவது கேட்டால் இரண்டு பேருக்கும் மூளை கலங்கிவிட்டது என்று முடிவுகட்டிவிடுவார்கள். அந்த மருத்துவமனையில் யாருக்கும் அப்படித் தோன்றாது. அங்கே இது சாதாரணப் பேச்சு.

ஜனங்கள் 'ஈரல் கருகல்' என்று பெயர் வைத்த நோய் அது. வந்தால் ஆறு மாசம். மருந்து இல்லாமல் இல்லை. உயிரணுக்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்து எடுக்கிற மருந்து, ஒரு பாட்டில் உருவாக மாசக்கணக்கில் ஆகும். இரண்டு நோயாளிக்கு ஒரு பாட்டில்தான் வந்தது. ஆளுக்குப் பாதி கொடுத்தால் இரண்டு பேரும் போய்விடுவார்கள். யாராவது ஒருவருக்குத்தான் கொடுக்க முடியும்.

யாருக்கு என்பதை முதலில் டாக்டர்கள் தீர்மானித்தார்கள். சாதிக்காரனுக்குக் கொடுத்துவிட்டான் என்று அடிதடி வந்து ஒரு டாக்டரின் கை முறிந்தது. பிறகு சீட்டுக் குலுக்கிப் பார்த்தார்கள். குலுக்கிய கைமேல் சந்தேகம் வந்தது. கடைசியில்தான் அந்தப் பெட்டி வந்தது. ஒளியின் ஒரே ஒரு துகளை அனுப்பி, அது கண்ணாடியைத் தாண்டிப் போகிறதா திரும்புகிறதா என்று பார்த்துச் சொல்கிற பெட்டி. கொங்குப் பக்கத்தில் கல்யாணமானாலும் கிணறு வெட்டுவதானாலும் சாமியிடம் பூவாக்குக் கேட்பது வழக்கம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். ஏதுமறியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். அதனால் பெட்டியின் திரையிலும் வெள்ளைப் பூ, சிவப்புப் பூ என்றே வைத்துவிட்டார்கள். ஒரு குடும்பத்துக்கு வெள்ளை, இன்னொன்றுக்குச் சிவப்பு. எந்தப் பூ மலர்கிறதோ அந்தக் குடும்பத்துக்கு மருந்து.

பூ மலராத குடும்பத்துக்குச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே. அதற்குத்தான் பெண்கள் கல்லூரியில் குவாண்டம் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்த கோகிலவாணியை விளக்க அலுவலராகக் கூட்டிவந்தார்கள். அவள் சொல்கிற விதமே தனி.

"இந்தப் பெட்டி வெளிச்சத்துல ஒரே ஒரு துளிய அனுப்புதுங்க. எதிர்ல ஒரு கண்ணாடி. அந்தத் துளி இந்தப் பக்கமும் போகும், அந்தப் பக்கமும் போகும். ரெண்டும் நடக்கும். அதோட சேர்ந்து நாமளும் ரெண்டாப் பிரிஞ்சிருவோம். இங்க வெள்ளப்பூ வந்துச்சுன்னா, அங்க செவப்புப்பூ. அங்கயும் இதே ஹால், இதே நீங்க, இதே நானு. அங்க மருந்து உங்க பையனுக்குத்தானுங்க."

இது ஒரு அர்த்தம்தான், ஒரே அர்த்தம் இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். துகள் பார்க்கப்படும்வரை எங்கேயும் இல்லை என்பார் உண்டு. ஒரு பக்கம்தான் போயிருக்கும், நமக்குத்தான் தெரியாது என்பார் உண்டு. உலகமே கிளை பிரிகிறது என்பாரும் உண்டு. யார் சொன்னபடி போட்டாலும் கணக்கு ஒரே விடையைத்தான் தரும். அதனால் வகுப்பில் பிள்ளைகள் கேட்டால், "அர்த்தத்தை வீட்ல போய் யோசிங்க, இப்ப கணக்கைப் போடுங்க" என்று அதட்டியவள் அவள். அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொண்ட விவகாரத்தை ஒரு அரசாணை ஒரு பக்கத்தில் முடித்துவைத்தது. எந்த அர்த்தம் மனுஷனை அழாமல் வைக்குமோ அதுவே சரியான அர்த்தம்.

வேலைக்கு வந்த இரண்டாவது வருஷம் மகள் பிருந்தாவின் கண் மஞ்சளாயிற்று. அதே ஈரல் கருகல்.

கணவர் முன்பே தவறிவிட்டதால் வீட்டில் தாயும் மகளும்தான். ஆஸ்பத்திரிக்காரியின் மகள் என்று சலுகை கேட்கக் கோகிலவாணிக்கு மனசு வரவில்லை, கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது. செவ்வாய்க்கிழமைக்குப் பூவாக்கு குறித்தார்கள். அண்ணன் போன் செய்து, "அன்னைக்குப் பாப்பாவுக்குச் சந்திராஷ்டமம் வாணி. ரெண்டு நாள் தள்ளி வையி" என்றார். இதையெல்லாம் மேடை போட்டுத் திட்டியவள்தான். ஆனாலும் பெற்ற வயிறு. எதற்கு வம்பு என்று வியாழனுக்கு மாற்றினாள். எதிரில் சிவகிரிப் பக்கத்து விவசாயி ஒருவர், ரங்கசாமி. அவருக்கு வெள்ளை, பிருந்தாவுக்குச் சிவப்பு. வெள்ளைப் பூ மலர்ந்தது.

அன்று விளக்கம் சொன்னவள் பிருந்தாதான். "அழாதீங்கம்மா. அங்க இருக்கற நீங்க இப்ப சிரிச்சிட்டு இருப்பீங்க" என்றாள். அதன்பிறகு கோகிலவாணி அழவில்லை. மகள் போனபோதும் அழவில்லை. காரியம் முடிந்ததும் வேலைக்கு வந்துவிட்டாள். பறிகொடுத்தவளே சொல்லும்போது யார்தான் நம்பமாட்டார்கள்? அந்த ஹாலில் அதன்பின் ஒப்பாரி கேட்டதே இல்லை. தோற்ற குடும்பத்தார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜெயித்தவர்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அமைதியாகப் போனார்கள்.

ஆரம்பத்தில் இப்படியில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த அப்பன்மார் இரண்டாவது பாட்டில் எங்கே என்று கேட்டு ரோட்டை மறித்தார்கள். மந்திரியின் காரைப் போகவிடவில்லை. இப்போது மறியலும் இல்லை, மனுவும் இல்லை. அங்கே பிழைத்துவிட்டவனுக்காக இங்கே எவன் ரோட்டில் உட்காருவான்? இதைத் தலைநகரத்தில் கவனித்துக்கொண்டே இருந்தார்கள். மருத்துவமனையின் தலைமை டாக்டர் அர்த்தநாரி ஒருநாள் கோகிலவாணியைக் கூப்பிட்டு, இனிமேல் மூன்று பேருக்கு ஒரு பாட்டில் என்று உத்தரவு வந்திருப்பதாகச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. அன்றைக்கு முறிந்தது அவருடைய கைதான்.

"மூணாவதா மஞ்சப்பூ வைக்கணுமாம். கம்பெனியில இருந்து இஞ்சினியர் வர்றாங்க வாணி. கூட இருந்து பாத்துக்குங்க."

வந்தவள் ஷர்மிளா பானு என்ற சின்னப்பெண். சூடாக ஒரு டீயைக் குடித்துவிட்டு நேராகப் பெட்டியின் பின்புறம் போய்க் குத்த வைத்து உட்கார்ந்தாள். பெட்டியின் உடம்பெல்லாம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. அவள் ஒரு பொட்டை நகத்தால் சுரண்டினாள். உள்ளிருந்து மஞ்சள் விளக்கு ஒன்று எரிவது தெரிந்தது.

"மேடம், இது எப்ப இருந்து மஞ்சளா எரியுது?"

"அங்க ஒரு விளக்கு இருக்கறதே இப்பத்தான் எனக்குத் தெரியும். ஏன்?"

"பெட்டியை எப்ப ஆன் பண்ணீங்க?"

"காலைல. நல்ல நேரத்துல."

"காலைலயா? அப்ப ராத்திரி?"

"சாயங்காலமே நிறுத்திருவோம்" என்றாள் கோகிலவாணி. அதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, ஏனென்றால் அது அவளுடைய ஏற்பாடு. பெட்டி வந்து முதல் பூவாக்கு வைப்பதற்கு முன்பே ஒரு பெரியவர், "ராத்திரி பூராவும் ஓடிட்டிருந்த பெட்டிக்கு நல்ல நேரம் ஏதுங்க? ஆரம்பிக்கறதை நல்ல நேரத்துல ஆரம்பிக்க வேண்டாமுங்களா?" என்று மல்லுக்கு நின்றார். நியாயமாகத்தான் பட்டது. அன்றிலிருந்து தினமும் காலையில் கற்பூரம் காட்டி, குடும்பத்தார் கண்முன்னால் அவளே சுவிட்சைப் போட்டாள். சூடம் அணைவதற்குள் திரையில் பூ மலர்ந்துவிடும்.

பானு எழுந்து நின்றாள். ஆனால் கோகிலவாணியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"மேடம், ஒரே ஒரு ஒளித்துகளைக் கண்டுபிடிக்கணும்னா உள்ள இருக்கற சென்சார் சில்லு பயங்கரமா குளிர்ந்திருக்கணும். மைனஸ் இருநூத்தி எழுபது டிகிரி. ஆன் பண்ணி அவ்வளவு குளிர அஞ்சாறு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் அதுக்குக் கண்ணு தெரியாது. அதனாலதான் இதை நிறுத்தவே கூடாது."

"ஆனா பூ வருதே. ஒரு நாள் தவறாம வருதே."

"தடங்கல் வரக்கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருந்துச்சு. பூ வராம நின்னுட்டா ஜனங்க அபசகுனம்னு கலாட்டா பண்ணுவாங்கன்னு உங்க ஆஸ்பத்திரிதான் கேட்டுச்சு. அதனால சில்லு தயாராகலைன்னா பெட்டி ஒரு கணக்கைப் போட்டு விடை சொல்லிடும். சில்லு தயாராகற வரைக்கும் இந்த மஞ்சள் விளக்கு எரியும்."

"என்ன கணக்கு?"

"சாதாரணப் பெருக்கல், வகுத்தல். அன்னைக்குத் தேதி, ரெண்டு நோயாளியோட பதிவு எண். அவ்வளவுதான்."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதைக் கோகிலவாணி பிறருக்கு ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். சமன்பாட்டைத் தலைகீழாக ஒப்பிக்கத் தெரிந்தவளுக்குப் பெட்டி குளிர வேண்டும் என்பது தெரியாமல் போயிற்று. பெட்டி என்றால் சுவிட்சைப் போட்டதும் ஓடும் என்று டிவி பார்க்கிற யாரும் நினைப்பதைத்தான் அவளும் நினைத்தாள்.

"அப்ப துகள் பிரியலை" என்றாள்.

"துகளே போகலை மேடம்."

"கிளை பிரியலை."

பானு நகத்தில் ஒட்டியிருந்த குங்குமத்தைத் துடைத்தாள். பிறகு மெதுவாக, "நீங்க சொல்ற அர்த்தத்தையே எடுத்துக்கிட்டாலும்... அந்தக் கணக்கை எந்த உலகத்துல போட்டாலும் ஒரே விடைதான் வரும்" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தில் பிருந்தா செத்தாள். மூன்று வருஷமாக எங்கேயோ கல்லூரிக்குப் போய், அரியர் வைத்து, அம்மாவிடம் திட்டு வாங்கி, தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்து நின்ற பிருந்தா. அவளுக்கு என்ன வயசாகிறது என்று தாய் தினமும் கூட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மேடம், வேற காரணத்துல வேற கிளை பிரிஞ்சிருக்கலாம். எங்கயாவது ஒரு கிளையில பதிவு எண்ணே மாறிப் போயிருக்கலாம். அப்படி வச்சுக்கலாமே" என்றாள் பானு. நல்ல பெண்.

"அது ஆறுதல், பானு. நான் நாள் பூரா செய்யற வேலை. எனக்கே செய்யாத."

பிறகு கோகிலவாணி இரண்டு பதிவு எண்களைச் சொன்னாள். பிருந்தாவுடையது, ரங்கசாமியுடையது. அந்தச் செவ்வாய்க்கிழமையின் தேதியையும் சொன்னாள்.

"வேண்டாம் மேடம்."

"போடு."

பானு மடிக்கணினியில் தட்டினாள். விடை வந்ததும் திரையைத் திருப்பிக் காட்டவில்லை. "சிவப்பு" என்று மட்டும் சொன்னாள்.

சந்திராஷ்டமத்திலேயே வைத்திருந்தால் பெண் பிழைத்திருப்பாள். நல்ல நாள் பார்த்துத் தன் கையாலேயே மகளைக் கொண்டுபோய்ச் சாவில் விட்டிருக்கிறாள். ரங்கசாமி போயிருப்பார். அந்த மனுஷன் போயிருக்கக்கூடாதா என்று ஒரு நினைப்பு எழுந்தது. கோகிலவாணி அதை விரட்டவில்லை. விரட்ட அவளிடம் தெம்பு இல்லை.

அர்த்தநாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இப்ப யாரு யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் அந்தப் பொண்ணுக்கும். இப்ப உங்களுக்கும்."

"அதோட இருக்கட்டும் வாணி. இன்னையில இருந்து பெட்டியை நிறுத்தவே வேண்டாம், நிசமாவே துகள் போகட்டும். நடந்து முடிஞ்சதை வெளிய சொன்னா என்னாகும்? ஒவ்வொரு ஊட்டுலயும் மறுபடி எழவு உழும். செத்தவனை ரெண்டாவது தடவை சாகடிக்கணுமா? உங்க வாயாலயா?"

அவர் சொன்னது பொய் என்று அவளால் சொல்ல முடியவில்லை. அடுத்த அறுவடைக்கு மஞ்சள் பையோடு வருகிறவரிடம் என்ன சொல்வது? உங்கள் மனைவி எந்த உலகத்திலும் தனியாக இல்லை என்பது அவருக்கு நல்ல சேதிதான். ஆனால் பிருந்தாவும் எந்த உலகத்திலும் இல்லை என்ற மறுபாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். இரவு முழுக்கப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. காலையில் பானு விளக்கைக் காட்டினாள். பச்சை.

மூன்றாவது பூ வைக்க இன்னும் ஒரு வாரம் ஆகும் என்பதால் அன்று இரண்டு குடும்பம்தான். ஒரு பக்கம் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரின் அம்மா. இன்னொரு பக்கம் சென்னிமலைத் தறிக்காரர் ஒருவர். மனைவி சிவகாமி அவர் முதுகைத் தாங்கியபடி உட்கார்ந்திருந்தாள். முப்பது வயசு இருக்கும். கோகிலவாணி வழக்கம்போல எல்லாம் சொன்னாள். துளி இந்தப் பக்கமும் போகும், அந்தப் பக்கமும் போகும் என்றாள். கற்பூரம் காட்டினாள். அந்தப் பெட்டியிலிருந்து முதல்முதலாக ஒரு துகள் கிளம்பிக் கண்ணாடியைப் போய்ச் சேர்ந்தது. வாத்தியார் வீட்டுப் பூ மலர்ந்தது.

அந்தப் பக்கம் நிம்மதிப் பெருமூச்சு. இந்தப் பக்கம் தறிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். சிவகாமி, கோகிலவாணியைப் பார்த்தாள்.

"அங்க இவரு பொழச்சிட்டாருங்களா, அம்மா?"

சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. இத்தனை வருஷம் பொய்யாக இருந்தபோது தடுக்கி விழாமல் வந்த வார்த்தை. அந்த அர்த்தம் சரியென்றால், இன்றைக்குத்தான் அது முதல்முதலாக உண்மை. இதே நேரத்தில் அங்கே இதே ஹாலில் சிவகாமி புருஷனைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறாள். சரி. அங்கே வாத்தியார்? அவர் இதோ இதே கோகிலவாணியைப் பார்த்து, எங்கம்மா அங்கே பிழைத்துவிட்டார்களா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அங்கேயும் இவள் ஆமாம் சொல்லப் போகிறாள். இவர்கள் அவர்களைக் காட்டி அடங்குவார்கள், அவர்கள் இவர்களைக் காட்டி அடங்குவார்கள். எத்தனை உலகமாகப் பிரிந்தால் என்ன, பாட்டில் எல்லா இடத்திலும் ஒன்றுதான். எல்லா இடத்திலும் ஒருத்தரைச் சாகவிட்டுவிட்டு, எல்லா இடத்திலும் சத்தமில்லாமல் வீட்டுக்குப் போகிறார்கள்.

"அம்மா?" என்றாள் சிவகாமி மறுபடி.

"செத்துப் போயிருவாருங்க" என்றாள் கோகிலவாணி. "மருந்து இல்லைன்னா இவரு செத்துப் போயிருவாரு. இவரேதான். நீங்க தொட்டுட்டிருக்கறீங்களே, இவரு."

சிவகாமிக்கு முதலில் விளங்கவில்லை. சாந்தமாகப் பேசுகிற அந்த அம்மாள்தான் இதைச் சொன்னாளா என்று சுற்றியிருந்தவர்களைப் பார்த்தாள். பிறகு புருஷன் கையைப் பார்த்தாள். அதன்பின் அவளிடமிருந்து கிளம்பிய ஓலத்தில் மருந்துக்குக் கையெழுத்துப் போடப் போன வாத்தியார் அப்படியே நின்றுவிட்டார். கூட வந்த பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். அர்த்தநாரி உள்ளே ஓடிவந்து, "ஏதாச்சும் சொல்லுங்க வாணி, சொல்லி அமத்துங்க" என்றார்.

கோகிலவாணி தரையில் உட்கார்ந்தாள். எழவு வீட்டில் பெண்கள் செய்வதுபோலச் சிவகாமியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தோளில் தலையைச் சாய்த்தாள். வாயைத் திறந்தாள். அவளுக்கு ஒப்பாரி ஒரு அடியும் தெரியாது. பிருந்தா, பிருந்தா என்று பெயரைத்தான் சொல்லத் தெரிந்தது. அதையே சொல்லிச் சொல்லிக் கத்தினாள்.

வெளியே வராந்தாவில் அடுத்த வாரத்துக்குப் பதிவுசெய்ய வந்த குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. சத்தம் கேட்டு அவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். அர்த்தநாரி அவசரமாகப் போய் ஹால் கதவை இழுத்துச் சாத்தினார்.